செலவு ஓர் ஊரில், வேலை இன்னோர் ஊரில்

காலாண்டுக்கு ஒருமுறை, நாட்டு மக்களின் நுகர்வுச் செலவு இத்தனை சதவீதம் வளர்ந்திருக்கிறது என்று ஓர் எண் வெளியாகும். தொலைக்காட்சியில் அதை வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். எண் பொய்யில்லை. ஆனால் சரியாக அந்த வேகத்தில் வளர்கிற வட்டாரம் என்று ஒன்றைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம். ஒரு பக்கம் அதைப்போல இரண்டு மடங்கு ஓடியிருக்கும், இன்னொரு பக்கம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும், ஒன்றிரண்டு இடங்கள் பின்னுக்கே போயிருக்கும்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். எனக்கு உறுத்துவது அடுத்த கட்டம். வட்டாரவாரியாகப் பிரித்துப் போட்ட எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே செலவு கூடியிருக்கிறது, ஆகவே இந்தப் பகுதி செழிக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பணம் சம்பாதிக்கப்படும் இடம் ஒன்று, செலவாகும் இடம் ஒன்று, அந்தச் செலவு யாருக்காவது வேலையாகவும் கூலியாகவும் போய்ச் சேரும் இடம் இன்னொன்று. மூன்றும் ஒரே இடமாக இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு நாட்டுக்குள் சுங்கச் சாவடியும் கிடையாது, தனித்தனி நாணயமும் கிடையாது. மூன்றும் வெகு சுலபமாகப் பிரிந்துபோய்விடும்.

இந்த விஷயம் எனக்குப் பொருளாதாரப் பாடத்தில் பிடிபடவில்லை, பிழைப்பில் பிடிபட்டது. நுகர்பொருள் நிறுவனம் ஒன்றில் விற்பனைத் திட்டமிடும் பிரிவில் இருந்தேன். நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டார்கெட் எழுதும் வேலை. அங்கே வளர்ச்சி என்றால் பிரைமரி. அதாவது கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போட்ட பில். டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்குக் கொடுப்பது செகண்டரி. கடையிலிருந்து வீட்டுக்குப் போவதை அந்தக் காலத்தில் யாரும் சரியாக அளக்கவே இல்லை. காலாண்டு முடியும் வாரத்தில் சரக்கைத் தள்ளுவார்கள், டிஸ்ட்ரிபியூட்டரின் குடோன் நிரம்பும், அந்த ஏரியா வளர்ந்ததாகக் கணக்கு எழுதப்படும். அடுத்த மாதம் அதே ஏரியா சரிந்ததாக எழுதப்படும். இடையில் ஒரு குடும்பம்கூடத் தன் வாங்கும் பழக்கத்தை மாற்றியிருக்காது.

இன்னொரு கூத்தும் உண்டு. ஓர் ஏரியாவில் ஸ்கீம், அதாவது கடைக்காரர்களுக்குக் கம்பெனி தரும் சலுகை, கொஞ்சம் தாராளமாக இருந்தால், அங்கிருக்கும் ஹோல்சேல்காரர் மொத்தமாக எடுத்துப் பக்கத்து ஏரியாவில் இறக்கிவிடுவார். தொழிலில் இதற்கு இன்ஃபில்ட்ரேஷன் என்று பெயர். ரிவியூ மீட்டிங்கில் ஒரு ஏரியா மேனேஜருக்குக் கைதட்டல், பக்கத்து ஏரியா மேனேஜருக்கு அர்ச்சனை. மார்க்கெட்டில் நின்று பார்த்தால் இரண்டு இடத்திலும் வியாபாரம் எப்போதும்போலத்தான் நடந்துகொண்டிருக்கும்.

கம்பெனிக் கணக்குதான் இப்படி, அரசாங்கப் புள்ளிவிவரம் சுத்தமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் பொது விற்பனை வரி கிடையாது. தெற்கே ஒட்டியிருக்கும் மாசசூசெட்ஸில் 2009 முதல் 6.25 சதவீதம். எல்லைக்கு அப்பால் காரில் போய் வாங்கி வருவது அங்கே சகஜம். எல்லையோரம் பெரிய பெரிய கடைகள் முளைத்திருப்பதும் அதனால்தான். தலைக்கு இவ்வளவு சில்லறை விற்பனை என்று கணக்குப் போட்டால் நியூ ஹாம்ப்ஷையர்காரர்கள் பெரும் செலவாளிகளாகத் தெரிவார்கள். தலைகளை ஒரு மாநிலத்தில் எண்ணிவிட்டு, பையை இன்னொரு மாநிலத்துக்காரர் தூக்கிப் போவதைக் கணக்கில் விட்டால் அப்படித்தான் தெரியும். விற்ற இடத்தை வைத்து அளப்பதும் வாங்கியவர் வசிக்கும் இடத்தை வைத்து அளப்பதும் வேறுவேறு விடைகளைத் தரும். செய்தியில் வரும் எண் எந்த வகை என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

உற்பத்தியை வைத்து அளந்தால் இன்னும் மோசம். நெதர்லாந்தின் வடக்கே குரோனிங்கன் என்றொரு மாகாணம். 1959-இல் அங்கே பெரிய இயற்கை எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஐரோப்பாவின் வட்டாரவாரிப் பட்டியலில், தலைக்கான உற்பத்தி மதிப்பில், குரோனிங்கன் முன்வரிசையில் நின்றது. பட்டியலைப் பார்க்கிறவர் அங்கே எல்லோரும் சீமான்கள் என்று நினைத்திருப்பார். உண்மையில் அந்த மாகாணத்துக் குடும்பங்களின் வருமானம் நாட்டின் சராசரியைவிடக் குறைவு. வாயுவின் மதிப்பு அந்த மண்ணின் கணக்கில் ஏறியது, பணம் அரசுக் கருவூலத்துக்கும் நிறுவனங்களுக்கும் போனது. நிலத்தடி வாயுவை உறிஞ்சியதால் வந்த நிலநடுக்கமும் விரிசல் விட்ட வீடுகளும் மட்டும் ஊர்க்காரர்களோடு தங்கின. 2023 அக்டோபரில் எடுப்பதை நிறுத்தினார்கள்.

எங்கே செய்யப்பட்டது, எங்கே நுகரப்பட்டது என்ற இந்த வித்தியாசத்துக்காக அரசியல் சண்டையே நடக்கும். இந்தியாவில் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, மாநிலத்துக்கு உரிய வரி பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கே போகும் என்று ஆனது. தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலங்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. சமாதானப்படுத்த, 2015-16 வருவாயை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சிக்கு உத்தரவாதம் தந்து, குறையும் தொகையை 5 ஆண்டுகளுக்கு ஈடுகட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாநிலத்தின் மக்கள் வாங்குகிறார்களா, அல்லது விற்கத்தான் செய்கிறார்களா என்பது ஏட்டுக் கேள்வியில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் இந்த 'வளர்ச்சி' என்கிற கணக்கு. தாழ்ந்த நிலையிலிருந்து கிளம்பும் பகுதி சதவீதத்தில் வேகமாகத் தெரியும், ஆகவே பின்தங்கிய பகுதிகள் எட்டிப் பிடிக்கின்றன என்பது வழக்கமான வாதம். சில சமயம் உண்மை. பொருளாதார அறிஞர்கள் ராபர்ட் பாரோவும் சேவியர் சலா-இ-மார்ட்டினும் அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்து, வருமான இடைவெளி ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீத வேகத்தில் குறைகிறது என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த வேகத்தில் இடைவெளி பாதியாகவே சுமார் 35 ஆண்டுகள் ஆகும். ஒருவரின் உழைக்கும் காலம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

சில சமயம் அதுவும் நடக்காது. இந்தியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 2022-23-இல் கிராமப்புறத்தில் தலைக்கு மாதச் செலவு சிக்கிமில் 7,731 ரூபாய், சத்தீஸ்கரில் 2,466 ரூபாய். அந்தந்த ஆண்டுப் பட்டியலில் உச்சியும் அடியும் இவைதான். 2023-24-இல் சிக்கிம் 9,377, சத்தீஸ்கர் 2,739. சத்தீஸ்கரின் உயர்வு சுமார் 11 சதவீதம். அதே ஆண்டில் நாடு முழுக்கக் கிராமப்புறச் சராசரி 3,773-இலிருந்து 4,122-ஆனது, அதாவது 9 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த அளவில் பார்த்தால் சத்தீஸ்கர் சராசரியைவிட வேகமாக ஓடியிருக்கிறது, பாராட்டலாம். ரூபாயில் பார்த்தால் அங்கே கூடியது 273, நாட்டுச் சராசரியில் கூடியது 349. சதவீதத்தில் முந்தியவர் ரூபாயில் பிந்துகிறார். சிக்கிமைப் பிடித்து எதையும் நிரூபிக்க நான் துணிய மாட்டேன். சின்ன மாநிலம், மாதிரியும் சின்னது, ஓராண்டில் துள்ளிக் குதித்தால் அதில் பாதி புள்ளியியல் ஆட்டமாகக்கூட இருக்கலாம். விலைவாசி ஏற்றத்தையும் இவற்றில் கழிக்கவில்லை. அதனால் ஓர் ஆண்டு வட்டார எண்ணை வைத்துத் தலைப்புச் செய்தி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

சரி, அளவைச் சிக்கல்களை ஒதுக்கிவைப்போம். ஒரு வட்டாரத்து மக்கள் உண்மையிலேயே அதிகம் செலவழிக்கிறார்கள், அதுவும் அவர்கள் ஊரிலேயே, என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது அந்த வட்டாரம் வளர்ந்தாக வேண்டுமே?

1990 ஜூலை 1. இரண்டு ஜெர்மனிகளும் அரசியல்ரீதியாக இணைய இன்னும் மூன்று மாதம் இருந்தது, நாணயம் மட்டும் முதலில் இணைந்தது. கிழக்கு ஜெர்மனிக்காரரின் சம்பளமும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மேற்கு ஜெர்மன் மார்க்காக மாறின. சேமிப்பில் வயது வந்தவர்களுக்கு 4,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று, முதியவர்களுக்கு 6,000 வரை, குழந்தைகளுக்கு 2,000 வரை. அதற்கு மேல் உள்ளது இரண்டுக்கு ஒன்று. ஒரே இரவில் கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கையில் உலகின் வலுவான நாணயங்களில் ஒன்று. பல ஆண்டுகள் காத்திருந்துதான் உள்ளூர்த் தயாரிப்பான டிராபன்ட் கார் வாங்க முடியும் என்றிருந்தவர்கள், மேற்கின் பழைய கார்களை அடித்துப்பிடித்து வாங்கினார்கள். கடை அலமாரிகளில் கிழக்கத்திய சரக்குகளை எடுத்துவிட்டு மேற்கத்திய சரக்குகளை அடுக்கினார்கள். வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள்.

செலவு என்ற அளவுகோலில் கிழக்கு அந்த நாட்களில் கொழித்தது. தேவை இறங்கிய இடமோ மேற்கு. மேற்கு ஜெர்மனியின் பொருளாதாரம் 1990-இல் 5 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அதன் தொழிற்சாலைகள் முழு மூச்சில் ஓடியும் போதாமல் இறக்குமதி ஏறி, பல ஆண்டுகளாக உபரியாக இருந்த, வெளிநாடுகளோடான வரவு செலவைக் காட்டும் நடப்புக் கணக்கு 1991-இல் பற்றாக்குறைக்குப் போனது. கிழக்கின் ஆலைகள் என்னவாயின? அவற்றின் கூலி ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாறிவிட்டது, உற்பத்தித் திறன் மாறவில்லை. உள்ளூர்க்காரரே அவற்றின் பொருளைத் தொடவில்லை. சோவியத் பக்கத்து வாடிக்கையாளர்களிடம் மார்க் இல்லை. ஆலைகள் வரிசையாக மூடின. கிழக்கு தான் உற்பத்தி செய்ததைவிட மிக அதிகமாகச் செலவழித்தது, இடைவெளியை மேற்கிலிருந்து வந்த பணம் நிரப்பியது. அதற்காக 1991-இல் முதலில் போட்டு, 1995-இல் மறுபடி கொண்டுவந்த ஒருமைப்பாட்டுக் கூடுதல் வரியிலிருந்து பெரும்பாலோருக்கு விடுதலை கிடைக்க 2021 ஆயிற்று.

இதை மேற்கின் சுரண்டல் என்று சொல்கிறவர்கள் உண்டு, கிழக்கின் சோம்பல் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. கிழக்கத்தியக் குடும்பம் நல்ல கார் வாங்க ஆசைப்பட்டதில் குற்றமில்லை, மேற்கத்திய ஆலை அதை விற்றதிலும் குற்றமில்லை. உள்ளூரில் செய்யப்படாத பொருளின் மேல் விழுகிற செலவு, உள்ளூர்க் கடையின் கல்லாவைத் தொட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விடும். ஊரில் தங்குவது கடைக்காரரின் லாபம், ஏற்றி இறக்கும் கூலி, கட்டட வாடகை. அவ்வளவுதான்.

ஆகவே செலவின் அளவைவிட அதன் ரகம் முக்கியம். முடி வெட்டுவது, உணவகம், வைத்தியம், வீட்டுப் பழுது, பள்ளிக்கூடம் போன்றவற்றை வேறு ஊரில் செய்து லாரியில் அனுப்ப முடியாது. அவற்றின் மேல் செலவாகும் பணம் அங்கேயே வேலையாகும். காரும் துணியும் சோப்பும் அப்படியில்லை. இந்தப் பிரிவினை எவ்வளவு கூர்மையானது என்பதை 2008 வீழ்ச்சியை ஆராய்ந்த ஆதிஃப் மியானும் அமீர் சூஃபியும் காட்டினார்கள். அமெரிக்காவில் வீட்டு விலை எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழவில்லை. கலிஃபோர்னியாவின் உள்நாட்டுப் பகுதிகள், நெவாடா, அரிசோனா, ஃபுளோரிடா படுத்துவிட்டன. டெக்சாஸ் அவ்வளவு அடிவாங்கவில்லை. அங்கே வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் அடமானக் கடன் பெற்று ரொக்கம் எடுக்க மாநில அரசியல் சாசனமே தடை போட்டிருக்கிறது, அதுவும் ஒரு காரணம். வீட்டின் மதிப்பு அதிகம் கரைந்த கவுன்டிகளில், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகளில், மக்கள் செலவைச் சுருட்டினார்கள். அந்தக் கவுன்டிகளில் கடை, உணவகம் சார்ந்த வேலைகள் அதற்கு ஏற்றபடி போயின. ஆனால் வெளியூருக்கு அனுப்பும் பொருள்களைச் செய்கிற வேலைகளின் இழப்பு அந்தக் கவுன்டிகளில் குவியவில்லை. அது நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது. நெவாடாவில் ஒருவர் காரை வாங்காமல் தள்ளிப்போட்டால், வீட்டு விலை விழவே விழாத எங்கோ ஒரு ஊரில் ஆலைத் தொழிலாளிக்கு ஷிப்ட் போய்விடுகிறது.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்கிறது. என்ரிக்கோ மொரெட்டியின் கணக்குப்படி, அமெரிக்க நகரம் ஒன்றில் வெளிச்சந்தைக்கு விற்கும் தொழிலில் ஒரு வேலை கூடினால், அந்த ஊர்ச் சேவைகளில் சுமார் 1.6 வேலைகள் கூடுகின்றன. உயர் தொழில்நுட்பத் துறையாக இருந்தால் 5 வரை போகும். அந்த 5 பேரின் பிழைப்பும் ஒருவர் சம்பளத்தோடு கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அதைத்தான் பார்த்தோம். ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் அஞ்சல் குறியீடு வாரியாக அட்டைச் செலவைத் தொடர்ந்து பார்த்தார்கள். வசதியானவர்கள்தான் செலவை அதிகம் குறைத்திருந்தார்கள். அவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை, வெளியே போகத்தான் முடியவில்லை. அதனால் பணக்கார வட்டாரங்களில் இருந்த சிறு கடைகளும் உணவகங்களும் அதிகம் நொடித்தன. அங்கே வேலை பார்த்த குறைந்த சம்பளக்காரர்கள் அதிகம் வேலையிழந்தார்கள். ஏழை வட்டாரத்தில் அதே வேலையைச் செய்தவர்களுக்கு அந்த அளவு அடி விழவில்லை. அரசு பெரும்பாலான குடும்பங்களுக்குக் காசோலை அனுப்பியது. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய பொருள்கள் அடைபட்ட உணவகங்களுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவரவில்லை.

மூன்று இடங்களும் பிரிவதை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றால் மேற்கு ஆஸ்திரேலியாவைத்தான் சொல்வேன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனா எஃகு ஆலைகளைக் கட்டித் தள்ளியது, இரும்புத் தாது விலை ஏறியது. தாது கிடப்பது வடக்கே பில்பாரா என்ற வறண்ட பகுதியில். மாநிலத் தலைநகர் பெர்த் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. சுரங்கத்தில் குடியிருந்து வேலை செய்யப் பலருக்கு விருப்பமில்லை, நிறுவனங்களும் புது ஊர் கட்ட விரும்பவில்லை. ஆகவே விமானத்தில் வந்து போகும் முறை பெருகியது. இரண்டு வாரம் சுரங்கத்தில், ஒரு வாரம் வீட்டில் என்பது போன்ற ரோஸ்டர். வேலைநாளில் தங்குவது முகாமில், சாப்பாடும் முகாமில். சம்பளம் பில்பாராவில் பிறக்கிறது, செலவாவது பெர்த்தின் புறநகரில், சிலருக்கு நாட்டின் மறுகரையில்.

பில்பாராவுக்கு எதுவுமே கிடைக்கவில்லையா என்றால், விலைவாசி கிடைத்தது. போர்ட் ஹெட்லண்ட் என்ற துறைமுக ஊரில் வாரத்துக்கு 2,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாடகை போன வீடுகள் இருந்தன. சுரங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கோ, வாடகையை நிறுவனம் கட்டுகிறவருக்கோ கவலையில்லை. பள்ளி ஆசிரியரும் கடையில் பில் போடுகிறவரும் எங்கே போவார்கள்? செலவு வளர்ச்சி என்ற எண்ணில் இந்த வாடகையும் சேர்ந்துதான் வரும்.

ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை இரண்டு கணக்குகளை வைத்திருக்கிறது. மாநிலத்துக்குள் நுகர்வுக்கும் முதலீட்டுக்கும் ஆகும் செலவைச் சொல்லும் 'மாநில இறுதித் தேவை' காலாண்டுக்கு ஒருமுறை வரும். ஏற்றுமதியும் சேர்ந்த மாநில மொத்த உற்பத்தி ஆண்டுக்கு ஒருமுறைதான். சுரங்கங்களையும் ரயில் பாதைகளையும் துறைமுகங்களையும் கட்டிய ஆண்டுகளில் முதல் எண் பறந்தது. அதில் கணிசமான பங்கு வெளிநாட்டு இயந்திரங்களுக்குப் போனது என்பது அந்த எண்ணில் தெரியாது. கட்டி முடித்ததும் முதல் எண் தொடர்ந்து சில ஆண்டுகள் சுருங்கியது. அதே காலத்தில் தாது கப்பல் கப்பலாக வெளியேறிக்கொண்டிருந்ததால் இரண்டாவது எண் பெரும்பாலும் ஏறுமுகம். ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஒரு எண்ணின்படி மந்தம், இன்னொன்றின்படி வளர்ச்சி. பெர்த்தில் கட்டுமான வேலை பார்த்தவருக்கு எது உண்மை என்று சொல்லித் தரத் தேவையிருந்திருக்காது.

இதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜிஎஸ்டி வசூல் முழுவதும் மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது. சொந்த வருவாய் அதிகம் உள்ள மாநிலத்துக்குக் குறைவாக, குறைவாக உள்ள மாநிலத்துக்கு அதிகமாக. நியாயமான ஏற்பாடுதான், 1933-இல் அமைத்த மானிய ஆணையம் இதைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கணக்குக்கு எடுப்பது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி, அதுவும் இடையில் ஓராண்டு விட்டு. 2015-16-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பங்கு, மக்கள்தொகைப்படி வர வேண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. அந்தப் பங்கைத் தீர்மானித்தவை 2011-12 முதல் 2013-14 வரையிலான கொழுத்த ஆண்டுகள். 2011-இல் டன்னுக்கு 180 அமெரிக்க டாலருக்கு மேல் தொட்ட தாது விலை, 2015 டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே கிடந்தது. தேவை விழுந்துகொண்டிருந்த மாநிலத்திலிருந்து, விழாமல் தாங்க வேண்டிய அமைப்பே பணத்தை இழுத்துக்கொண்டது. 2018-இல் சட்டத்தைத் திருத்தி, எந்த மாநிலத்தின் பங்கும் முதலில் 70 சென்ட்டுக்கும் பிறகு 75 சென்ட்டுக்கும் கீழே போகாது என்று வரம்பு வைத்தார்கள். தாது விலை மறுபடி ஏறிவிட்ட பிறகும் அந்த வரம்பு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இப்போது மற்ற மாநிலங்கள் முணுமுணுக்கின்றன. சமன் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே சமன் செய்தால் இப்படித்தான் ஆகும்.

வட்டி விகிதத்துக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம், ஏனென்றால் அதில் பங்கிடவே வழியில்லை. நாடு முழுக்க ஒரே விகிதம். பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டெல் 1961-இல் இதைத்தான் ஓர் உதாரணம் வைத்து விளக்கினார். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த நிலப்பரப்பில் கிழக்கே கார் செய்கிறார்கள், மேற்கே மரம் அறுக்கிறார்கள். மக்களின் விருப்பம் காரிலிருந்து மரத்துக்கு மாறினால் கிழக்கில் வேலையின்மை, மேற்கில் விலையேற்றம். எந்த மத்திய வங்கியாலும் ஒரே மருந்தில் இரண்டையும் தீர்க்க முடியாது. ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 2009 அக்டோபரில் 3 சதவீதத்திலிருந்து வட்டியை ஏற்றத் தொடங்கி 2010 நவம்பரில் 4.75-க்குக் கொண்டுபோனது. சுரங்கப் பகுதிக்கு அது உறைக்கவே இல்லை. ஆஸ்திரேலிய டாலர் வலுவாகி, தென்கிழக்கின் ஆலைகளும் சுற்றுலாத் தொழிலும்தான் திணறின. ஜெர்மனியிலும் அதே கதை. இணைப்புக்குப் பிந்தைய மேற்கின் கொதிப்பை அடக்க 1992 ஜூலையில் அந்நாட்டு மத்திய வங்கியான புன்டஸ்பாங்க், வங்கிகளுக்குக் கடன் தரும் தள்ளுபடி வட்டியை 8.75 சதவீதமாக்கியது. அந்த வட்டி, ஆலைகள் மூடிக்கிடந்த கிழக்குக்கும் சேர்த்துத்தான்.

மத்திய வங்கிகளுக்கு இது தெரியாமலில்லை. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் ஆண்டுக்கு எட்டு முறை 'பெய்ஜ் புக்' என்ற அறிக்கையை வெளியிடுகிறது. தான் நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் 12 மாவட்டங்களிலும் வியாபாரிகளிடமும் தொழிலதிபர்களிடமும் பேசிக் கேட்டதை எழுதுவார்கள், எண் குறைவு, பேச்சு அதிகம். பழைய தொழில் பழக்கமோ என்னவோ, எனக்கு அட்டவணைகளைவிட அதைப் படிக்கத்தான் பிடிக்கும். ஒரு மாவட்டத்தில் லாரி கிடைக்கவில்லை என்பார்கள், இன்னொன்றில் சரக்கு தேங்கியிருக்கிறது என்பார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கடைசியில் முடிவு செய்வது ஒரே ஒரு விகிதம் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் தாழ்ந்த வட்டாரம் எப்படித்தான் சமநிலைக்கு வருகிறது? ஒலிவியே பிளான்ஷாரும் லாரன்ஸ் காட்ஸும் 1992-இல் அமெரிக்க மாநிலங்களை வைத்துச் சொன்ன பதில் கொஞ்சம் சங்கடமானது. அடிவாங்கிய மாநிலத்தின் வேலையின்மை விகிதம் சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. புது வேலைகள் வந்து அது இறங்குவதில்லை. வேலை தேடுகிறவர்கள் ஊரை விட்டுப் போவதால் இறங்குகிறது. போன வேலைகள் போனவைதான்.

போகிறவர்கள் யார் என்பதும் முக்கியம். இளையவர்கள், படித்தவர்கள், வீடு கட்ட, குழந்தை வளர்க்கச் செலவு செய்யும் வயதில் இருப்பவர்கள். மிஞ்சுகிறவர்களில் ஓய்வூதியக்காரர்கள் அதிகம். அவர்கள் வருமானம் ஊரின் நிலைமையோடு கட்டப்பட்டதில்லை, மாதம் பிறந்தால் வந்துவிடும். இதனால் ஆள் குறைந்துகொண்டே போகும் வட்டாரத்தில் தலைக்கான செலவு விழாமல் இருக்கலாம், ஏறக்கூடச் செய்யலாம். மொத்தச் செலவு மட்டும் கரையும். ஊரில் ஒரு மருந்துக் கடையோ பேருந்துத் தடமோ ஓட வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது மொத்தம்தான். கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்குக்குக் குடிபெயர்ந்தவர்கள் திரும்பியவர்களைவிட அதிகமாகவே இருந்து, 2017 வாக்கில்தான் கணக்கு முதன்முறையாகத் திரும்பியது. வந்தவர்களில் பலர் லைப்சிக் போன்ற பெருநகரங்களுக்கும் பெர்லினைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் போனார்கள், ஆலை மூடிய சிறு நகரங்களுக்குப் போனவர்கள் சொற்பம். 'கிழக்கு மீண்டது' என்ற தலைப்பில் இப்போது வரும் கட்டுரைகளில் அந்தச் சிறு நகரங்கள் லைப்சிக்கோடு சேர்த்துச் சராசரி போடப்பட்டிருக்கும்.